களாவாக விழுங்கிய மாத்திரைகள்

அன்பு மகன் ரிஃபாத்துக்கு அம்மா தவ்லத் எழுதுவது. உனக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை இன்ஸாஃபும் சுகமாக இருக்கிறோம். சுகம் என்று இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, உள்ளே போய் அப்பாவின் நெற்றியைத் தொட்டு, கண்ணைத் திறக்கச் சொல்லி உற்றுப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அவர் என்னைத் திட்டினார், அதனால் சுகம்தான். இன்ஸாஃபுக்கு இது ஆறாம் மாதம், மடவை மீன் வாசனை பட்டாலே குமட்டுகிறதாம், மீன்காரன் மகளுக்கு வந்த கேட்டைப் பார். பேத்திக்குப் பல் முளைக்கும்போது காய்ச்சல் வந்தால் ஊசி ஊசி என்று ஓடாதே, உனக்கும் அப்படித்தான் வந்தது. ஏன் தொலைபேசியில் பேசாமல் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். தொலைபேசி அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது, நான் எதைச் சொன்னாலும் நடுவில் புகுந்து மறுத்துப் பேசுவார், போதாததற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு பஹீகா வேறு, பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். இன்ஸாஃபின் வீட்டுக்காரருடைய சிநேகிதன் நீ இருக்கிற மிலானுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஒரு காரியம் உன்னால் ஆகவேண்டும், அதைக் கேட்க வேண்டுமானால் நோன்பு மாதத்தில் இந்த வீட்டில் நடந்ததை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்கு வயிற்றுவலி என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னோம். உண்மையில் இரைப்பையில் புண். வலி வந்தால் குடலை யாரோ துணி பிழிகிற மாதிரி முறுக்குகிறது என்று சுருண்டுவிடுவார். பெரிய டாக்டர் புண்ணுக்கு ஒன்றும் முறுக்கலுக்கு ஒன்றுமாக இரண்டு மாத்திரை எழுதினார். முறுக்கலுக்கு உள்ளது குட்டியாக வெள்ளையாக இருக்கும், ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். இந்த வருஷம் நோன்பு கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார், மருந்துக்கடை டாக்டர் மக்ராமும் சொன்னார். அப்பாவா கேட்கிறவர். “நடுக்கடல்ல ஆகஸ்ட் வெயில்ல நோன்பு புடிச்சவன் நான், ஒரு வயித்துக்காக விடுவேனா” என்று என்னிடம் எகிறினார். மக்ராம் கிறிஸ்தவர், அவருக்கு நோன்பைப் பற்றி என்ன தெரியும் என்றும் ஒரு பேச்சு. அவர்களுக்கு வருஷத்தில் பாதி நாள் விரதம் என்பது இவருக்குத் தெரியாதா என்ன, வாய் இருக்கிறது, பேசுகிறார்.

பகலில் தண்ணீர்கூடத் தொடாதவர் மாத்திரையை மட்டும் எப்படித் தொடுவார். முதல் இரண்டு வாரம் முழுக்க அந்த மாத்திரையைத் தொடவே இல்லை. வலி கூடியது. பிறகு அவரே ஒரு தீர்ப்புச் சொன்னார். தொழுகை விட்டுப்போனால் என்ன செய்கிறோம், பிறகு சேர்த்துத் தொழுது களாவாக நிறைவேற்றுகிறோம், மாத்திரையும் அப்படித்தான், விட்டது எல்லாம் கடன், கடனைத் தீர்த்தால்தான் மருந்து பலிக்கும் என்றார். நானும் தலையாட்டினேன், எனக்கு அது நியாயமாகவே பட்டது. அன்று முதல் மாலையில் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்துக்குப் பிறகு, வெறும் வயிற்றில், அன்றைய மூன்றையும் போட்டுக்கொள்வார், அதோடு அந்த இரண்டு வாரத்துக் களாவில் இரண்டு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் இன்னும் ஒன்று. முறுக்கல் அடங்கிவிட்டது, அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நோன்பு என்று நினைத்தோம். முகம் சிவந்து தொட்டால் சுட்டது, துளி வேர்வை இல்லை, அதையும் நோன்பு என்றே நினைத்தோம். குர்ஆனைப் பிரித்தால் எழுத்தெல்லாம் எழுந்து போய்விடுகிறது என்றார், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கழிவறைக்குப் போனால் நெடுநேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பி வருவார், என்னிடம் சொல்ல வெட்கம்.

பிறை இருபது தாண்டியதும் உன் சித்தப்பா மக்காவி வர ஆரம்பித்தார். பயப்படாதே, நானும் முதலில் சிரிக்கத்தான் செய்தேன். அவருடைய படகு கவிழ்ந்தபோது நீ அவர் தோளில் ஏறுகிற வயது, அதன் பிறகு கடல் அவருடைய செருப்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. ஒரு மாலை நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில், நான் முலூக்கியாக் கீரைப் பாத்திரத்தை வைத்துவிட்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அப்பா, “நகருடி, மக்காவி மேல உக்காந்திருக்க” என்றார். கோபம் இல்லை, பதற்றம் இல்லை, உப்பு எடு என்கிற குரல். நான் எழுந்துவிட்டேன் ரிஃபாத். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் எழுந்து நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தலையசைத்து, ஒரு ரொட்டியைப் பிய்த்து அந்தப் பக்கம் வைத்தார். மறுநாளும் மக்காவி வந்தார், அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு பேரோடு வந்தாராம், அவர்கள் கதவருகே நின்றார்களாம், ஈரக்காலோடு பாயில் ஏறக் கூச்சப்படுகிறார்களாம். துடைக்கத் துணி கொண்டுவா என்று என்னை விரட்டினார், கொண்டுவந்து போட்டேன். அவர்களோடு பேசிக்கொண்டே அப்பாவின் கை வேலை செய்துகொண்டிருக்கும். வலை பின்னுவார். ஊசி இல்லை, நூல் இல்லை, காற்றில் முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, பல்லால் கடித்து அறுப்பார். முடிச்சு தப்பினால் அவிழ்த்துத் திரும்பப் போடுவார். நான் பயந்தது அந்தக் கையைப் பார்த்தபோதுதான், மக்காவியைக் கண்டு அல்ல. இன்னொன்று அவர் கண். கருவிழி முழுக்கக் கறுத்து விரிந்து, ஓரத்தில் தேன் நிறம் ஒரு நூல் அளவுகூட இல்லை. விளக்கை அருகில் கொண்டுபோனாலும் அது சுருங்கவில்லை.

இன்ஸாஃப் பயந்துபோய் அழுதாள், ஓதிப் பார்க்க ஷேக்கைக் கூப்பிடலாம் என்றாள். அதற்குள் தெருவில் விஷயம் பரவிவிட்டது. கடைசிப் பத்து இரவுகள், வானத்திலிருந்து மலக்குகள் இறங்குகிற இரவுகள், அந்த நாளில் ஒரு நோன்பாளியின் முகம் சிவந்து கண் கறுத்து இறந்தவர்களோடு பேசுகிறார் என்றால் நம் தெரு சும்மா இருக்குமா. உன் அப்பா ஹாஜிக்கு மறுமையை மறைக்கிற திரை விலகிவிட்டது என்றார்கள். நோன்பு திறந்ததும் ஒவ்வொருவராக வந்து வாசலில் உட்கார ஆரம்பித்தார்கள், என் அப்பா எப்படி இருக்கிறார், என் மாமியார் என்னை மன்னித்துவிட்டாளா கேளுங்கள் என்று. மாமியாரைக் கேட்டவளுக்கு அப்பா, “அவ உன்ன இன்னும் திட்டிக்கிட்டுதான் இருக்கா” என்றார், எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஊரில் யாரும் மதிக்காத கிழவரை வீடு தேடி வந்து கையைப் பிடித்து முத்தமிடுகிறார்கள், எந்த மனைவிக்குத்தான் கசக்கும். தட்டில் குனாஃபா இனிப்பு வைத்து வந்தவர்களுக்கு நீட்டிக்கொண்டு நின்றேன்.

அப்படி வந்தவர்களில்தான் பஹீகாவும் இருந்தாள். அவள் மகன் ஷெஹாத்தாவை உனக்கு நினைவிருக்கும், உன்னிடம் மிதிவண்டி ஓட்டக் கற்றவன். நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்து, கண் பட்டுவிடக் கூடாது என்று ‘பிச்சை’ என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்து வளர்த்த பிள்ளை. நீ காகிதத்தோடு விமானத்தில் போனாய், அவன் காகிதம் இல்லாமல் படகில் போனான். அதன் பிறகு ஒரு சொல் இல்லை. படகு இத்தாலிக்குச் சேர்ந்தது என்று ஒருவன் சொல்வான், பாதியில் முழுகிற்று என்று இன்னொருவன் சொல்வான். பஹீகா இரண்டு நோன்பு மாதமாகத் தினமும் அவனுக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டிருந்தவள். அன்று அவள் வாசலில் நெடுநேரம் தயங்கி நின்றாள். நான்தான், “உள்ள வாடி, உனக்கென்ன தனியா ஆள் விட்டா கூப்பிடணும்” என்று இழுத்து உட்காரவைத்தேன். அவள் அப்பாவிடம், “ஹாஜி, நான் கேக்கப் போறதுக்கு இல்லைன்னு சொல்லுங்க, அது போதும். அங்க உங்களோட உக்காந்திருக்கவங்கள்ல என் புள்ள இல்லதானே” என்றாள்.

அப்பா கையிலிருந்த வலையை, அந்த இல்லாத வலையை, மடியில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்ப்பதுபோல் அவர் தலை மெதுவாக நகர்ந்தது, ஓர் இடத்தில் நின்றது. “இருக்கானேம்மா. மக்காவிக்குப் பக்கத்துல. நீல சட்டை போட்டிருக்கான், சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. குளிருதுங்கறான், ஒரு போர்வை குடு” என்றார்.  பஹீகா கத்தவில்லை. எழுந்து, தன் தோளில் இருந்த சால்வையை எடுத்துக் கதவருகே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஓர் ஆளின் தோள் உயரத்தில் பிடித்தாள், பிறகு கையை விட்டாள். சால்வை தரையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் செருப்புக்கூடப் போடாமல் போய்விட்டாள். விடிந்ததும் கறுப்பு உடுத்தியிருந்தாள். பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பி, பெருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மகனுக்கு காயிப் ஜனாஸா தொழ வேண்டும், உடல் இல்லாவிட்டாலும் தொழுகையாவது கிடைக்கட்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டாள். ஷெஹாத்தா நீலச் சட்டையோடுதான் போனான், தெருவே அவனை அதில் பார்த்து வழியனுப்பியது, அப்பாவும் பார்த்தார். இது எனக்கு இப்போது புரிகிறது, அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

பெருநாளுக்கு முன்தினம் மாத்திரை தீர்ந்துபோனதால் மக்ராம் கடைக்குப் போனேன். அட்டையை நீட்டி இன்னொன்று கொடுங்கள் என்றேன். நோன்பு பிடிக்கிறவர் மூன்று வேளை போட்டிருக்க முடியாதே, அதற்குள்ளாகவா தீர்ந்தது, யாராவது எடுத்துவிட்டார்களா என்றார். இல்லை டாக்டர், உங்கள் ஹாஜி ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை, விட்டதையெல்லாம் களாவாகச் சேர்த்துப் போட்டுவிட்டார் என்று மார்தட்டிக்கொண்டு சொன்னேன். அவர் எடை போட்டுக்கொண்டிருந்த எதையோ அப்படியே வைத்துவிட்டு, கண் எப்படி இருக்கிறது, சிறுநீர் போகிறதா, இல்லாதவர்களோடு பேசுகிறாரா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். யார் இவரிடம் சொன்னது என்று திகைத்தேன், யாரும் சொல்லவில்லை. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு என்னோடு ஓடிவந்தார். அப்பாவின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, அடிவயிற்றைத் தொட்டார், அது கல்லாக இருந்தது. “ரிஃபாத் அம்மா, இது திரையும் இல்ல, ஜின்னும் இல்ல. மாத்திரைதான். வண்டிக்குச் சொல்லுங்க” என்றார். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுச் சிறுநீரை வெளியே எடுத்தார்கள், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் காய்ச்சலும் இதயப் படபடப்பும் ஆளைக் கொண்டுபோயிருக்கும் என்றார்கள். பெருநாள் தொழுகைச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது, நான் அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அப்போதும் காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அங்கே காத்திருந்தபோது மக்ராம் எனக்கு விளக்கினார். குடலை முறுக்கச் சொல்லி நரம்பு அனுப்புகிற சேதியை இந்த மாத்திரை வழியிலேயே மறிக்கிறதாம், அதனால் வலி அடங்குகிறது, புண்ணில் எரிகிற அமிலமும் குறைகிறது. ஆனால் அதே சேதிதான் எச்சிலுக்கும் வேர்வைக்கும் கண்ணுக்கும் சிறுநீருக்கும் போகிறது, அளவு மீறினால் எல்லாவற்றையும் மறித்துவிடும், வயதானவர்களுக்கு மூளையிலும் மறித்துவிடும், அப்போது மனசுக்குள் இருப்பதெல்லாம் எதிரே வந்து உட்காரும். பாலைவனத்தில் ஆடு மேய்க்கிற பதுவின் நாடோடிகள் குடிகாரச் செடி என்று ஒதுக்கிவைக்கிற ஒரு பச்சை உண்டு, அதைத் தின்றவன் செத்தவர்களோடு பேசுவான் என்பார்கள், இந்த மருந்து அந்தச் செடியின் வம்சம்தான் என்றார். மூன்றாம் நாள் அப்பா தெளிந்தார். கண்ணில் தேன் நிறம் திரும்பியது. சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாரும் போயிட்டாங்களா” என்றார். யார் என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பஹீகாவிடம் சொன்னது எதுவும் அவருக்கு நினைவில்லை. நான் எடுத்துச் சொன்னபோது முகத்தை மூடிக்கொண்டு அழுதார், அவர் அழுது நீ பார்த்திருக்க மாட்டாய்.

வெள்ளிக்கிழமைக்கு முன் பஹீகாவிடம் சொல்லியாக வேண்டும். நானும் மக்ராமும் போனோம். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னோம். பிறகு, “அப்ப என் புள்ள உசுரோட இருக்கான்” என்றாள். அது எங்களுக்குத் தெரியாது, ஹாஜி பார்த்தது மட்டும் பொய் என்றார் மக்ராம். அவள் என்னைப் பார்த்து, “ரெண்டு வருஷமா தெரியாமக் கெடந்தேன். உம் புருஷன் ஒரு முடிவு சொன்னாரு, அழுது தீத்தேன், நாலு நாள் தூங்கினேன்டி தவ்லத்து. இப்ப வந்து அதையும் புடுங்கிட்டுப் போறீங்களே” என்றாள்.  இமாமிடம் ஆள் அனுப்பி ஜனாஸாத் தொழுகையை நிறுத்திவிட்டாள், ஆனால் கறுப்பைக் கழற்றவில்லை. மறுநாள் என் வீட்டுக்கு வந்து, கதவருகே அந்த இடத்திலேயே நின்றுகொண்டு, மீதி மாத்திரை இருந்தால் தனக்குக் கொடு என்று கேட்டாள். வயிற்றுவலியா என்றேன். “இல்ல. உசுரோட இருக்கானோ இல்லையோ, ஒரு தடவ பாத்துட்டா போதும். நான் பாத்தா பொய்யா இருந்தாக்கூடப் பரவால்ல” என்றாள்.  வீட்டில் ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்தேன். இனி யார் கேட்டாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள் என்று மக்ராமிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதற்குத்தான் இந்தக் கடிதம். நீ லாரி ஓட்டுகிற காய்கறிச் சந்தையில் நம் பக்கத்துப் பிள்ளைகள் எவ்வளவோ பேர் மூட்டை தூக்குகிறார்கள் என்றாய். அவர்களிடம் கேள். இத்தாலிக்குத் தெற்கே தக்காளி பறிக்கிற தோட்டங்களிலும் இருப்பார்களாம், அங்கே போகிற ஓட்டுநர்களிடமும் சொல்லி வை. அகதி முகாம்களில் வேறு பெயர் கொடுத்துவிட்டு வெட்கத்தில் வீட்டுக்குப் பேசாமல் இருக்கிறவர்கள் உண்டாம், அப்படி இருந்தால் அவன் காதைப் பிடித்து இழுத்துத் தாயோடு பேசவை. கெட்ட சேதியாக இருந்தால் முதலில் எனக்குச் சொல். எந்தச் சேதியும் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே சொல், பாவம் பார்த்து, கண்டதாகக் கேள்விப்பட்டேன் என்று இனிப்பாக ஒரு பொய் மட்டும் சொல்லிவிடாதே. இந்த வீட்டிலிருந்து ஒரு தடவை அவனைப் பார்த்ததாகச் சொன்னது போதும்.

அப்பாவுக்கு இப்போது வேறு மருந்து, பால்சோறும் அவித்த உருளைக்கிழங்கும்தான் ஆகாரம், கருவாட்டுக்கு ஏங்குகிறார். உன் வயிற்றையும் கவனித்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மாத்திரை ஏதாவது எடுத்தால் விட்டதை விட்டதாகவே இருக்க விடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல வழியும் தரட்டும், உன் பிள்ளையை நீ உன் கண்ணால் கண்டுகொண்டே வயதாக வேண்டும் என்று துஆ செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா தவ்லத்

கடிதத்தை மடிக்கப் போனபோது பஹீகா வந்தாள். உனக்கு எழுதுகிறேன் என்றதும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடையாளம் சொல்லடி, எழுதுகிறேன் என்றேன்.  “எப்ப நெனச்சாலும் நனைஞ்சுதான்டி வர்றான். முன்னாடி சிரிச்சுக்கிட்டு வருவான். போட்டோவப் பாத்தாக்கூட எனக்கு அவன் முடியிலேர்ந்து தண்ணி சொட்டுது” என்றாள். அதனால் மகனே, அவனைக் கண்டால் வேறெதுவும் கேட்பதற்கு முன்னால் நல்ல வெயிலில் நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு.